பங்குனி உத்திரம்: விட்டுப்போன சாஸ்தா கோயிலுக்குத் திரும்பப் போகிறோம், என்னென்ன செய்யணும்?

கோவைக்கு_வந்த_நெல்லை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தலைமுறையோடு எங்கள் வீட்டில் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. வரும் பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பொங்கல் வைக்கிறதாக முடிவு. மொத்தம் பத்துப் பேர். விவரம் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இல்லை. பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம் என்று தெரியும், சாமி பேர் "அய்யனார்" என்பது மட்டும் தெரியும். அதை வைத்து எது எங்கள் கோயில் என்று எப்படிக் கண்டுபிடிக்க? முதல் நாள் ராத்திரியே போய்விடணுமா, அன்றைக்குக் காலையில் போனால் போதுமா? மண்பானையா வெண்கலப்பானையா, அரிசி எவ்வளவு? சாஸ்தா சுத்த சைவம் என்கிறார்கள், அதே கோயிலில் கிடா வெட்டும் நடக்கிறது, அப்போ எது யாருக்கு? கடைசியாக ஒன்று, கட்டிக்கொடுத்த தங்கச்சியைக் கூப்பிடலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

நம்ம பக்கத்தில் "அய்யனார்" என்று மட்டும் சொன்னால், ஊர் பேர் எழுதாத தபால் மாதிரிதான். காரையாறு சொரிமுத்து அய்யனாரும் அய்யனார்தான், திருச்செந்தூர்ப் பக்கத்து அருஞ்சுனை காத்த அய்யனாரும் அய்யனார்தான், தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரும் அய்யனார்தான். சித்தூர் தென்கரை மகாராஜா என்று பேரில் அய்யனாரே இல்லாமல் இருப்பவரும் சாஸ்தாவேதான். அதனால் அடைமொழியைக் கண்டுபிடிக்கணும். சாமியைத் தேடாதீர்கள், பங்காளியைத் தேடுங்கள். அவர்கள் எங்கே போகிறார்களோ அதுதான் உங்கள் கோயில்.

தேடத் தோதான இடங்களைச் சொல்கிறேன். தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் தலைப்பைப் பாருங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே "ஸ்ரீ இன்னார் துணை" என்று இருக்கும், அநேகமாக அது குலசாமி பேர். அடுத்து, குடும்பத்துப் பேர்கள். சொரிமுத்து, கற்குவேல், அருஞ்சுனை, சுடலைமுத்து, பேச்சிமுத்து, இசக்கி, மாசானம் என்று ஒரு பேர் தாத்தா, பேரன் என்று திரும்பத் திரும்ப வந்தால் அதற்குக் காரணம் உண்டு. சுடலையோ பேச்சியோ வந்தால் அது சாஸ்தாவோடு நிற்கிற காவல் தெய்வமாக இருக்கலாம். அந்தத் தெய்வம் பெரிதாக நிற்கிற சாஸ்தா கோயில் எது என்று பூர்வீக ஊரில் விசாரித்தால் வழி பிடிபடும். பழைய கிரயப் பத்திரத்தில் தாத்தாவின் அப்பா பேரும் குடியிருந்த ஊரும் எழுதியிருக்கும். அந்த ஊரில் டீக்கடையில் கேட்டாலே "அவங்க எல்லாம் இன்ன சாஸ்தா" என்று சொல்ல ஆள் இருக்கும்.

கோயில் ஓரளவு தெரிந்ததும், உறுதி பண்ணுவதற்கு வரி நோட்டுதான் சாட்சி. பெரும்பாலான சாஸ்தா கோயில்களில் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. நோட்டில் தகப்பன் பேர், பாட்டன் பேரோடு இருக்கும். உங்கள் தாத்தா பேர் அதில் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. விட்டுப்போன வருஷத்து வரியை முழுசாகக் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். அது நிர்வாகத்தைப் பொறுத்தது, முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒரே பேரில் நாலு ஊரில் கோயில் இருந்தால் குழம்பாதீர்கள். ஊர் விட்டு ஊர் போன குடும்பம் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் நிலையம் (சாமி பீடம்) போட்டுக் கும்பிடுவது வழக்கம். அந்தப் பிடிமண் கோயிலுக்கு உங்கள் பங்காளிகள் போனால் நீங்களும் அங்கேதான். மூலக் கோயிலுக்கு ஒரு நடை போய்வந்தால் நல்லதுதான், கட்டாயமில்லை.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், ஆதி சாஸ்தா என்று சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடுகிறவர்கள் உண்டு, திருச்செந்தூர் முருகனையே குலசாமியாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. குறி கேட்டுப் புதுச் சாமியைப் பிடித்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். ரெண்டு வருஷம் கழித்துப் பங்காளி ஒருத்தர் வந்து வேறு கோயிலைக் காட்டுவார், வீட்டுக்குள் சண்டைதான் மிச்சம்.

தேதி: பங்குனியில் உத்திர நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிற நாள். 2025இல் ஏப்ரல் 11, 2026இல் ஏப்ரல் 1. நட்சத்திரம் ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் நடுவில் முடியும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நாழிகை வித்தியாசமும் உண்டு. அதனால் தினசரிக் காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடாமல், பூசாரியிடம் "எந்த ராத்திரி சாமப்பூசை" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் நாள் சாயங்காலமே போய் இடம் பிடித்துத் தங்குகிறவர்கள்தான் அதிகம். பத்துப் பேர், சின்னப் பிள்ளைகளும் உண்டு என்றால் அன்றைக்கு விடியற்காலம் 5 மணிக்குள் போய்ச் சேர்ந்தாலும் போதும். 9 மணிக்குமேல் போனால் அடுப்புக்கு நிழலில் இடம் கிடைக்காது. பங்குனி வெயிலில் அது சின்னக் குறை இல்லை.

தங்கச்சி விஷயம்: கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தாதான். உங்கள் கோயிலில் தலைக்கட்டுக் கணக்கில் வரமாட்டாள். வரக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, கூப்பிடுங்கள். அன்றைக்கே அவர்கள் சாஸ்தாவுக்கும் போக வேண்டியிருக்கும் என்பதுதான் சங்கடம். அதனால் முதலில் அங்கே போய்விட்டு மத்தியானப் பந்திக்கு இங்கே வரச் சொல்லுங்கள்.

அடுப்படி_அக்கா எழுதியது:

பானை விஷயம் நான் சொல்லுதேன் தம்பி. மண்பானைன்னா புதுசுதான் வாங்கணும். வாங்கின அன்னைக்கே அடுப்புல ஏத்தினா விரிசல் விட்டுரும். முந்தின நாள் முழுக்கத் தண்ணியில முக்கி வச்சு, எடுத்து, நிழல்ல ஆற வச்சு, உள்ள அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்தி ஒரு ராத்திரி வையுங்க. கோயில்ல அடுப்புல வைக்கும்போது வெறும் பானைய வைக்கக் கூடாது, தண்ணி ஊத்தித்தான் வைக்கணும். முதல் பத்து நிமிஷம் சின்னத் தீ. பொங்கிட்டு இருக்கும்போது தண்ணி பத்தலைன்னு பச்சத்தண்ணிய ஊத்தினா அடி டப்புன்னு போயிரும். பக்கத்து அடுப்புல வெந்நி எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கணும். மண்பானைல பாதி உடையறது இந்தப் பச்சத்தண்ணியாலதான்.

வெண்கலப்பானை இருந்தா அதுவே உத்தமம். கனமா இருக்கதால அடி சீக்கிரம் பிடிக்காது. கீழ போட்டா மட்டும் கீறிரும், பாத்துத் தூக்குங்க. பித்தளைன்னா ஈயம் பூசியிருக்கான்னு பாத்துக்கிடுங்க. அலுமினியத்துல வைக்கவே செய்யாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடி பிடிக்கும். எந்தப் பானையா இருந்தாலும் வெளிப்பக்கம் சாம்பலையோ களிமண்ணையோ குழைச்சுப் பூசிட்டா கரி தேய்க்கிற வேலை பாதியாக் குறையும்.

அடுப்புக்கு மூணு செங்கல்லு போதும். ஆனா சாஸ்தா கோயில் முக்கால்வாசி குளத்தங்கரையிலயோ பொட்டல்லயோ இருக்கும், காத்து அள்ளிக்கிட்டுப் போவும். அரையடிக்குக் குழி வெட்டி, குழி ஓரத்துல கல்லை வையுங்க. காத்து வார பக்கம் ரெண்டு கல்லைக் கூட அடுக்குங்க. கல்லு மட்டமா இருக்கான்னு ஒரு சொம்புத் தண்ணிய வச்சுப் பாருங்க. கிழக்க பொங்கிச்சா வடக்க பொங்கிச்சான்னு அப்புறமா எல்லாரும் சகுனம் பேசுவாங்க. பானை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கந்தான் பொங்கும், அதுக்குச் சாமி பொறுப்பில்லை. விறகுக்குப் பத்த வைக்கப் பனையோலை, பிறகு தென்னமட்டை, நின்னு எரிய உடைமர விறகு. ரெண்டு பானைக்கு 10 கிலோ கைவசம் இருக்கணும். கோயில் வாசல்ல விக்கிற விறகு பச்சையா இருக்கும், புகைதான் வரும். ஊர்லயே வாங்கி வண்டியில போட்டுருங்க.

அளவு. பத்துப் பேருக்கு வெண்பொங்கல் 1 கிலோ பச்சரிசி, சர்க்கரைப் பொங்கல் அரைக் கிலோ. இதுக்கு மேல வச்சா மிஞ்சும், அந்த வெயில்ல மத்தியானத்துக்கே நூல் விட்டுரும்.

வெண்பொங்கலுக்கு 8 லிட்டர் பானை. 5 லிட்டர் தண்ணி ஊத்துங்க. அதுகூட அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணி ரெண்டு செம்பு, பால் ஒரு டம்ளர் சேரணும். களைஞ்ச தண்ணியும் பாலும் சேர்ந்தாத்தான் நுரை கட்டிப் பொங்கும். வெறும் தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் வழியாது. பானைக்கு முக்கால் அளவு தண்ணி நிக்கணும், இல்லைன்னா பொங்கவே செய்யாது. பொங்கி வழிஞ்சதும் குலவை போட்டு, ரெண்டு செம்பு வெந்நிய மொண்டு தனியா வச்சிட்டு, பிறகு அரிசியப் போடுங்க. மூத்தவங்க மூணு கை அள்ளிப் போட்டுட்டு மிச்சத்தைக் கொட்டணும். கெட்டியா வந்தா மொண்டு வச்ச தண்ணியவே திரும்ப ஊத்தலாம். வெண்பொங்கல்னா உப்பில்லாத வெறும் சோறு, கடையில விக்கிற மிளகுப் பொங்கல் இல்லை. பிசானத்து (மாசி, பங்குனி அறுவடை) புது அரிசியா இருந்தா தண்ணி ஒரு பங்கு குறைக்கணும், புது அரிசி சீக்கிரம் குழையும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு அரைக் கிலோ அரிசி, 100 கிராம் சிறுபருப்பு லேசா வறுத்தது, 3 லிட்டர் தண்ணி, 6 லிட்டர் பானை. இனிப்புக்கு மண்டைவெல்லம் 650 கிராம், இல்லைன்னா கருப்பட்டி 600 கிராம். கருப்பட்டின்னா ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு வடிகட்டியே ஆகணும், மணலும் சுண்ணாம்பும் அடியில நிக்கும். நெய் 100, அரை மூடித் தேங்காய் துருவல், ஏலம் ஆறு, ஒரு துண்டு சுக்கு. அரிசியை விரலால நசுக்கினா மாவா மசியற அளவு வெந்த பிறகுதான் பாகு ஊத்தணும். முந்தி ஊத்திட்டா அப்புறம் எம்புட்டு எரிச்சாலும் அரிசி வேகாது, நறுக்கு நறுக்குன்னு நிக்கும். கோயில்ல பொங்கல் வேகலைன்னு சொல்லுதவங்கள்ல பத்துல எட்டுப் பேர் செய்யிற தப்பு இதுதான். வெல்லம் சேர்த்த பிறகு பால் ஊத்தாதீங்க, திரிஞ்சு போவும். பாகு ஊத்தினதும் தீயை இழுத்துட்டுத் தணல்ல வச்சுக் கிண்டணும், நீளக்காம்பு அகப்பை வேணும்.

ரெண்டு பானையும் ஒரே நேரத்துல ஏத்தினா ஒரு மணி நேரத்துல முடியும். ஒரே ஆள் ரெண்டையும் பாக்க முடியாது, ஆளுக்கு ஒண்ணா நில்லுங்க. நைலான் சேலை கட்டிக்கிட்டு அடுப்புப் பக்கம் நிக்காதீங்க, நூல் சேலைதான்.

தேரிக்காட்டுப்பனை எழுதியது:

அக்கா சொன்னதில் மாற்ற ஒன்றும் இல்லை. படைப்பு முறையை மட்டும் நான் சொல்கிறேன்.

சாஸ்தா பூரணை, புஷ்கலை என்று ரெண்டு தேவியரோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அசைவம் கிடையாது. பொங்கல், தேங்காய், பழம், பானகம், அவ்வளவுதான். அவருக்குப் பரிவாரமாக நிற்கிற சுடலைமாடன், சங்கிலிபூதத்தார், பேச்சி, இசக்கி, தளவாய்மாடன் இவர்களில் பலருக்குத்தான் கிடாயும் சேவலும். ஒரே வளாகம், ரெண்டு அடுக்களை என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 தெய்வம் என்று சொல்கிற கோயில்களில் எதெதற்குச் சைவம், எதெதற்கு அசைவம் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். பூதத்தாருக்குச் சைவம் மட்டுமே என்கிற கோயில்களும் உண்டு. பக்கத்துக் குடும்பம் செய்வதைப் பார்த்துச் செய்யாமல், உங்கள் பங்காளியிடமோ பூசாரியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை: பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காய். பிறகு சாஸ்தா. பிறகு அம்மன் வகை. கடைசியில் மாடன்மார், எல்லைக் காவல். சாஸ்தாவுக்குப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகோ, திரை போட்ட பிறகோதான் வெட்டு. அதுவும் அவர் பார்வை படாத பக்கமாக. கிடா மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து அது உடம்பைக் குலுக்கினால்தான் உத்தரவு. குலுக்கவில்லை என்றால் காதுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்க வைக்கிற கூத்தும் நடக்கும். அதைச் செய்யாதீர்கள், காத்திருங்கள்.

பத்துப் பேருக்குக் கிடா அதிகம். உயிர் எடை 12 கிலோ என்றால் கறி 5, 6 கிலோ தேறும், 35 பேர் சாப்பிடலாம். நேர்ச்சை இருந்தால் ஒழிய ஒரு நாட்டுச் சேவல் போதும். பல கோயில்களில் படப்புச் சோற்றை (மாடனுக்குப் படைத்த சோற்றை) எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே சாப்பிட்டுத் தீர்க்கணும். மிஞ்சினதைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கலாம். அந்தச் சங்கடம் எல்லாம் முதலில் அளவு தப்பியதால் வருவது.

படப்பு என்றால் மாடனுக்கு முன்னால் தலைவாழை இலையில் புழுங்கலரிசிச் சோற்றைக் குவித்து, மேலே கறி, அவித்த முட்டை, முருங்கைக்கீரை, கருவாடு என்று வைப்பது. சுருட்டும் சாராயமும் வைக்கிற இடங்கள் உண்டு. சாஸ்தாவுக்குப் பொங்கிய பானை, கரண்டி எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. பாத்திரத்தை முதலிலேயே ரெண்டு சாக்காகப் பிரித்துக் கட்டுங்கள். அவசரத்தில் கரண்டி மாறுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

அபிஷேகம் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் சிலை கல்லா சுதையா என்று பாருங்கள். கல்லுக்கு மட்டும்தான் அபிஷேகம். வரிசை நல்லெண்ணெய், அந்தப் பிசுக்குப் போக மாப்பொடி, மஞ்சள், பால், தயிர், இளநீர், சந்தனம், பன்னீர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். பால் 2 லிட்டர், இளநீர் 3, சந்தனம் 100 கிராம் போதும். சுதைச் சிலைக்கும் மாடன் பீடத்துக்கும் பாலை ஊற்றினால் வர்ணம் உரியும், சுண்ணாம்பு ஊதும், எறும்பும் வந்துவிடும். அதற்குச் சந்தனக்காப்பு, மாலை, அவ்வளவுதான். பூவுக்குப் பிச்சியும் அரளியும் முதல் நாள் மாலையே வாங்கி வாழைமட்டையில் சுற்றி வைத்தால் வாடாது. அன்றைக்குக் காலையில் விலை கேட்டால் மயக்கம் வரும்.

சட்டம் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2003இல் கோயில்களில் உயிர்ப்பலிக்குத் தடையை அரசு கடுமையாக அமல்படுத்தியது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் காட்டுக்குள் இருக்கிற கோயில்களுக்கு வனத்துறை விதி தனி.

பொருநைக்கரை எழுதியது:

பூதத்தார் விஷயத்தில் சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. ஒன்று சேர்க்கிறேன். வில்லுப்பாட்டோ கணியான் ஆட்டமோ இருந்தால் சாமப்பூசை நேரம் அதை ஒட்டித்தான் அமையும். வில்லில் அந்தந்தச் சாமியின் கதை வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரம் குறுக்கே நடக்காதீர்கள், செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். கணியான்மார் மகுடத்தை (அவர்கள் அடிக்கிற தோல் வாத்தியம்) தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். அதற்கு அவர்கள் ஓலை கேட்டால் கொடுங்கள், மரியாதை அது.

கோவைக்கு_வந்த_நெல்லை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. பழைய பத்திரிகை ஒன்று அகப்பட்டது. பேர் தெரிந்துவிட்டது, கோயிலும் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. இன்னொரு சந்தேகம். பையனுக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டுக்கும் அதே சாஸ்தா என்கிறார்கள். ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கச்சி முறை, கல்யாணம் ஆகாது என்று ஒருத்தர் சொல்லிப் பெரிய குழப்பம்.

வள்ளியூர்ச்சந்தை எழுதியது:

அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. ஒரு சாஸ்தாவை அஞ்சாறு சாதிக்காரர்கள் கும்பிடுவது நம்ம பக்கத்தில் சாதாரணம், அவர்கள் எல்லாரும் பங்காளியா என்ன? ஒரே சாதிக்குள்ளும் முறை எப்படிக் கணக்காகிறது என்பதுதான் கேள்வி. சில சமூகங்களில் தகப்பன் வழியும் குலசாமியும் ஒன்றாகவே போகும், அங்கே ஒரே சாமி என்றால் பங்காளிதான், கொடுக்கல் வாங்கல் இல்லை. கொண்டையங்கோட்டை மறவர் மாதிரிச் சமூகங்களில் கொத்து, கிளை என்ற உட்பிரிவுகளைப் பார்ப்பார்கள். கிளை தாய் வழியில் வருவது, சாஸ்தா தகப்பன் வழியில் வருவது. அங்கே கிளை வேறாக இருந்தால் சம்பந்தம் செய்யலாம். ஆகவே உங்கள் சமூகத்துப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஒரே சாஸ்தாவா" என்பது இல்லை, "ஒரே வரிக்காரர்களா, ஒரே தாயாதியா (தகப்பன் வழிப் பங்காளியா)" என்பது.

பொருநைக்கரை தலைக்கட்டு நோட்டைப் பாருங்கள் என்றார். அது சரி, ஆனால் அதை முழுசாக நம்ப வேண்டாம். கல்யாணமாகி மாமனார் ஊரில் குடியேறியவர்கள் அந்த ஊர்க் கோயிலில் வரி கொடுத்து நோட்டில் ஏறியிருப்பார்கள். ரெண்டு தலைமுறை கழித்துப் பார்த்தால் பங்காளி மாதிரி இருக்கும். பேர் எந்த வருஷம் ஏறியது, பாட்டன் பேர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், அதை நான் சொல்லியிருக்கணும்.

மணிமுத்தாறு_காற்று எழுதியது:

அடைமொழி சொரிமுத்து என்று வந்திருந்தால் மேலே சொன்னதில் பாதி மாறும். அந்தக் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசம் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் தட்டு எதுவும் உள்ளே போகாது. சாக்கு, துணிப்பை, வாழையிலை கொண்டுபோங்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் நேரக் கட்டுப்பாடு உண்டு. கூட்ட நாளில் சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் போகச் சொல்வதும் உண்டு. காட்டில் விறகு பொறுக்கக் கூடாது. ராத்திரி தங்க அனுமதி இருக்கிறதா என்று அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பெருங்கூட்டம் ஆடி அமாவாசைக்குத்தான், பங்குனியில் அந்த அளவு நெருக்கம் இருக்காது.

அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பு காணிக்கையாகத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். சாமி அதைப் போட்டு நடப்பதாக நம்பிக்கை, தேய்மானம் இருக்கும் என்பார்கள். நேர்ச்சை இருப்பவர்கள் மட்டும் வைப்பது, போகிறவர்கள் எல்லாரும் வைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, குளித்துவிட்டுக் கட்டியிருந்த துணியை ஆற்றில் விடுகிற பழக்கம். அது சாஸ்தா வழிபாட்டில் இல்லை, பரிகாரம் என்று பின்னால் ஒட்டிக்கொண்டது. பொருநையில் (தாமிரபரணியில்) அந்தத் துணி பாறையிடுக்கில் மூட்டை மூட்டையாகச் சிக்கிக் கிடக்கிறது, குளிக்க இறங்குகிறவர்கள் காலில் சுற்றுகிறது. ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தேரிக்காட்டுப்பனை எழுதியது:

கேட்காத கேள்விதான், இருந்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள். ஏன் பங்குனி உத்திரம்? சாஸ்தா அவதரித்த நாள் அது என்பது கோயில்காரர்கள் சொல்வது. சபரிமலையிலும் பங்குனி உத்திரத்துக்கு ஆறாட்டு நடக்கிறது. ஆனால் மணிகண்டன் பிரம்மச்சாரி, நம்ம சாஸ்தா ரெண்டு தேவியரோடு இருக்கிற சம்சாரி. செங்கோட்டைக்கு மேற்கே அச்சன்கோவிலில் பூரணை புஷ்கலையோடுதான் இருக்கிறார், ஆரியங்காவில் திருக்கல்யாணமே நடக்கிறது. ஒரே சாமிக்கு இடத்துக்கு இடம் ஒரு பருவம். அதனால் மாலை போட்டு விரதம் இருந்தால்தான் சாஸ்தா கோயிலுக்குப் போகலாம், பெண்கள் வரக்கூடாது என்பதெல்லாம் இங்கே பொருந்தாது. நம்ம சாஸ்தா கோயிலில் பொங்கல் வைப்பதே பெண்கள்தான்.

பங்குனி உத்திரம் எல்லாச் சாமிக்கும் கல்யாண நாள் என்றும் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு அன்றைக்குத்தான் திருக்கல்யாணம். ஆனால் நம்ம நெல்லையப்பர் காந்திமதிக்கு ஐப்பசியில், எனவே "எல்லா" என்பது கொஞ்சம் தாராளம்.

பஞ்சாங்கத்தில் எழுதாத காரணம் ஒன்றும் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று ரெண்டு பூ (போகம்). பிசானம் மாசி, பங்குனியில் அறுவடையாகும், அடுத்த கார் நடவுக்கு ஆனியில் தண்ணீர் வரணும். நடுவில் களம் காலி, பத்தாயம் நிறைந்திருக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். பிழைப்புக்கு வெளியூர் போனவன்கூட வரக்கூடிய நாள் அது. குளத்தையும் கரையையும் காக்கிற சாமிக்குப் புது அரிசியில் முதல் பொங்கல். வரி கொடுக்கிறது, கடன் தீர்க்கிறது, சம்பந்தம் பேசுகிறது, விட்டுப்போன பங்காளியைச் சேர்த்துக்கொள்கிறது எல்லாம் அந்தக் குளத்தங்கரையிலேயே முடியும். உங்கள் பையன் கல்யாணக் குழப்பத்தையும் அங்கேயே வைத்துப் பேசுங்கள், ஆட்கள் மொத்தமாகக் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான்.

அடுப்படி_அக்கா எழுதியது:

தம்பி, சொல்ல மறந்துட்டேன். குடிக்கவும் பொங்கவும் தண்ணி வீட்டுல இருந்தே கொண்டுபோங்க. பங்குனியில குளத்துல தண்ணி இருக்காது, இருந்தாலும் கலங்கலாத்தான் இருக்கும். ரெண்டு பானைக்கும் பாத்திரம் கழுவவும் சேத்து 40 லிட்டர், குடிக்க ஆளுக்கு 3 லிட்டர். தேங்காய் ஏழு வாங்குங்க, ஒண்ணு அழுகல் வந்தாலும் மத்த ஆறு உண்டு. கத்தி, அரிவாள்மணை, தீப்பெட்டி ரெண்டு, கற்பூரம், கைப்பிடித்துணி இதுகள ஒரே வாளியில போட்டு வையுங்க, தேடி அலையாம இருக்கும். கிளம்பும்போது அடுப்புத் தணல்ல தண்ணி ஊத்திக் கிளறி, குழிய மண்ணு போட்டு மூடிட்டு வாங்க. சுத்தி முழுக்கக் காஞ்ச புல்லு. அறுத்த தாள் வயல்ல பொறி பறந்துட்டா அணைக்கத் தண்ணி இருக்காது.